உங்கள் நூலக அலமாரிக்கு யார் புத்தகம் தேர்ந்தெடுக்கிறார்?



உங்கள் பள்ளி நூலகத்தில் ஏதாவது ஒரு புத்தகத்தை எடுங்கள். கதையைப் படிக்க வேண்டாம். நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். அங்கே கட்டம் போட்ட ஒரு தாள் ஒட்டியிருக்கும். யாராவது அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லும்போது அதில் தேதி போடுவார்கள். சில புத்தகங்களில் அந்தத் தாள் நிரம்பி, அதன் மேலேயே இன்னொரு தாள் ஒட்டியிருக்கும். சில புத்தகங்களில் ஒரு தேதிகூட இருக்காது. வாங்கி ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். தாள் மட்டும் புத்தம் புதிதாகப் பளபளக்கும்!

ஏன் இப்படி? "அந்தப் புத்தகம் நன்றாக இருக்காது, சார்" என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். நல்ல புத்தகமாகவே இருக்கலாம். உங்கள் கைக்கு எட்டாத மேல் தட்டில் அது உட்கார்ந்திருக்கலாம். அல்லது கல்லூரி அண்ணன்மார் படிக்க வேண்டிய புத்தகத்தை ஐந்தாம் வகுப்புக்கு வாங்கி வைத்திருக்கலாம். வாங்கியவர் யார்? யாரைக் கேட்டு வாங்கினார்? எனக்கு இது மிக முக்கியமான கேள்வியாகப் படுகிறது. ஏனென்றால், அவர் யாரைக் கேட்கிறாரோ அதைப் பொறுத்துத்தான் நீங்கள் இந்த வருடம் முழுக்க என்ன படிக்கப் போகிறீர்கள் என்பது முடிவாகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்கள் பள்ளிக்குப் புத்தகம் வாங்க 5,000 ரூபாய் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு புத்தகம் சராசரியாக 100 ரூபாய் என்றால் 50 புத்தகங்கள் வாங்கலாம். புத்தகக் கண்காட்சிக்குப் போனால் கண்முன்னே ஆயிரக்கணக்கான புத்தகங்கள் நிற்கும். அத்தனையையும் படித்துப் பார்த்து 50 புத்தகங்களைப் பொறுக்கி எடுக்க யாரால் முடியும்? எவ்வளவு படித்த நூலகராலும் முடியாது. அவர் யாரையாவது கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அதிலும் பல பள்ளிகளில் நூலகர் என்று தனியாக ஒருவர் இருப்பதில்லை. கணக்கு டீச்சரோ, தமிழ் ஐயாவோ, நூலகத்தின் சாவியையும் சேர்த்து வைத்திருப்பார். அவருக்குப் பாடம் நடத்த வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும், பதிவேடுகள் எழுத வேண்டும். புத்தகம் தொலைந்துபோனால் மேலிடத்துக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அலமாரி ஏன் பூட்டியே கிடக்கிறது என்று அவர் மேல் கோபப்படுகிறீர்களே, அதற்கு இதுதான் காரணம். பூட்டி வைப்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் இருந்தவன் நான்.

சரி, யாரைக் கேட்பது? இதற்கு நம் ஊர்க்காரர் ஒருவரின் கதையே வழி சொல்கிறது.

சீர்காழியில் 1892-ல் பிறந்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். பேச ஆளில்லாமல் புத்தகங்களுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடிக்கவே இல்லை. பழையபடி கணக்கு வகுப்புக்கே போய்விடலாமா என்று யோசித்தார். பிறகு நூலகப் படிப்புக்காக லண்டனுக்குப் போனார். அங்கே அவர் பாடம் மட்டும் படித்துவிட்டு வரவில்லை. ஊர் ஊராகச் சுற்றி ஏராளமான நூலகங்களை நேரில் போய்ப் பார்த்தார். மற்ற நூலகர்கள் புத்தகத்தை எப்படி அடுக்குகிறார்கள், வருகிறவர்களிடம் எப்படிப் பேசுகிறார்கள், குழந்தைகளுக்கு என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார். வேண்டா வெறுப்பாகப் போனவர், நூலகப் பணியே தன் வாழ்க்கை என்று திரும்பி வந்தார்.

அவர் லண்டனில் ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தாராம். சில தகடுகள், சில சக்கரங்கள், கொஞ்சம் திருகாணிகள். அவற்றை மாற்றி மாற்றி இணைத்தால் வண்டி, பாலம், பளுதூக்கி என்று எத்தனையோ செய்யலாம். புத்தகங்களை வகைப்படுத்தவும் இதே வழி சரிப்படுமே என்று அவருக்குத் தோன்றியது. அப்படிப் பிறந்ததுதான் 1933-ல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை. அதில் திருகாணியின் வேலையைச் செய்வது முக்காற்புள்ளி! பொம்மைக் கடையில் சுற்றினால் நேரம் வீண் என்று இனி யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

1931-ல் நூலகங்களுக்கு ஐந்து விதிகளை அவர் வகுத்துக் கொடுத்தார். உலகம் முழுவதும் நூலகம் பற்றிப் படிக்கிறவர்கள் இன்றைக்கும் அவற்றைப் படிக்கிறார்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் எங்கோ ஒரு வாசகர் உண்டு என்பது அவற்றில் ஒன்று. தேதியே விழாத அந்தப் பளபளப் புத்தகம் இருக்கிறதே, அதற்கும் ஒருவர் இருக்கிறார். அவர் உங்கள் வகுப்பிலேயே மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். இரண்டு பேரையும் சேர்த்து வைப்பதுதான் நூலகரின் வேலை. ரங்கநாதன் நினைவாக ஆகஸ்ட் 12-ஆம் நாளை நம் நாட்டில் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடுகிறோம்.

ஆக, அவர் செய்த முதல் காரியம் மற்ற நூலகங்களைப் போய்ப் பார்த்தது. என் கருத்தும் அதுதான். ஒரு நூலகருக்கு மிக நல்ல வழிகாட்டி இன்னொரு நூலகர்.

நான் வேலை பார்த்த காலத்தில் குறுவள மையக் கூட்டம் என்று சனிக்கிழமைகளில் ஆசிரியர்கள் கூடுவோம். கூட்டத்தில் பேசியதைவிட, டீ குடிக்கும் பத்து நிமிடத்தில் பேசியதுதான் எனக்கு அதிகம் பயன்பட்டிருக்கிறது. பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஓர் அம்மா நூலகத்தைப் பார்த்துக்கொண்டார். அவரிடம் "எந்தப் புத்தகம் நன்றாக இருக்கிறது?" என்று நான் கேட்டதில்லை. "உங்கள் பள்ளியில் எந்தப் புத்தகம் கிழிந்துபோயிருக்கிறது?" என்றுதான் கேட்பேன். அட்டை பிய்ந்து, முனை மடங்கி, பசை போட்டு ஒட்டி, மறுபடியும் கிழிந்த புத்தகம் எதுவோ அதன் பெயரைக் குறித்துக்கொள்வேன். பிள்ளைகள் கொடுக்கும் சான்றிதழ் அது!

நீங்களும் இதைச் செய்யலாம். விடுமுறையில் மாமா வீட்டுக்குப் போகிறீர்கள் அல்லவா? அந்த ஊர் நூலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். உங்கள் மாவட்ட மைய நூலகத்தில் குழந்தைகள் பகுதி இருந்தால் பாருங்கள். சென்னையில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனி இடம் உண்டு. அங்கே எந்தப் புத்தகம் அடிபட்டிருக்கிறது என்று பார்த்துப் பெயரை எழுதிக்கொண்டு வந்து உங்கள் நூலகரிடம் கொடுங்கள். அவருக்கு ஒரு நாள் வேலை மிச்சம்.

அடுத்தது, பரிசு வாங்கிய புத்தகங்களின் பட்டியல். சாகித்திய அகாதெமி 2010 முதல் ஒவ்வோர் ஆண்டும் குழந்தை இலக்கியத்துக்கென்று பால சாகித்திய புரஸ்கார் என்ற விருதைத் தருகிறது. தமிழுக்கும் உண்டு. 2010-ல் மா.கமலவேலனின் 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி', 2020-ல் யெஸ்.பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2023-ல் கீழடியை வைத்து உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' என்று ஆண்டுதோறும் பட்டியல் நீள்கிறது. உங்கள் அலமாரியில் இவற்றில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் ஒன்று. பரிசு கொடுக்கிறவர்கள் பெரியவர்கள். அவர்களுக்குப் பிடித்தது உங்களுக்குப் பிடித்தே ஆகவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

பதிப்பகத்தார் அனுப்பும் விலைப்பட்டியலும் வரும். புதுப் புத்தகங்களின் பெயர் தெரிந்துகொள்ள அது உதவும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். தன் சரக்கை மட்டம் என்று எந்தக் கடைக்காரராவது சொல்வாரா?

இப்போது கொஞ்சம் கடினமான விஷயத்துக்கு வருகிறேன். செய்தித்தாளில், இதழ்களில், இணையத்தில் புத்தகங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். சிலர் அருமையாக எழுதுகிறார்கள். சிலர் தினம் ஒரு புத்தகத்தை "ஆகா, ஓகோ" என்று புகழ்கிறார்கள். இவர்களில் யார் சொல்வதைத் தொடர்ந்து கேட்பது?

மளிகைக் கடையில் தராசு சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பார்கள்? எடை தெரிந்த படிக்கல்லை வைத்துப் பார்ப்பார்கள். ஒரு கிலோ கல்லை வைத்தால் ஒரு கிலோ காட்ட வேண்டும். இதையே இங்கேயும் செய்யுங்கள். நீங்கள் ஏற்கெனவே படித்த ஒரு புத்தகத்தைப் பற்றி அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று தேடிப் படியுங்கள். அவர் அதை உண்மையாகவே கடைசி வரை படித்திருக்கிறாரா? அல்லது பின்னட்டையில் இருப்பதைத்தான் திருப்பி எழுதியிருக்கிறாரா? உங்களுக்குச் சலிப்பு தட்டிய இடத்தை அவரும் சொல்லியிருக்கிறாரா? எந்த வயதுக்கு, எத்தனை பக்கம், என்ன விலை, யார் வெளியீடு என்று சொல்லியிருக்கிறாரா? அந்தப் புத்தகத்தில் தராசு சரியாகக் காட்டினால், நீங்கள் படிக்காத புத்தகத்துக்கும் அவரை நம்பிப் பார்க்கலாம்.

இன்னொரு சோதனை. அவர் ஒரு புத்தகத்தையாவது "இது சரியில்லை" என்று சொல்லியிருக்கிறாரா? எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்பவரிடம் கேட்பதும் ஒன்றுதான், கேட்காமல் இருப்பதும் ஒன்றுதான்.

இப்படிச் சோதித்துப் பார்த்தால் பத்துப் பேரில் இரண்டு மூன்று பேர்தான் தேறுவார்கள். அதுவே போதும். பத்துப் பேர் பின்னால் ஓடினால் குழப்பம்தான் மிஞ்சும். அந்த இரண்டு மூன்று பேரை வருடம் முழுக்க விடாமல் கவனிக்க வேண்டும்.

தேதியையும் பார்க்கப் பழகுங்கள். புத்தகத்தைத் திறந்ததும், பெயர் இருக்கும் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். எந்த ஆண்டு அச்சடித்தது என்று சிறிய எழுத்தில் இருக்கும். சூரியனுக்கு ஒன்பது கோள்கள் என்று ஒரு புத்தகம் சொன்னால், அது 2006-க்கு முன்பு எழுதியதாக இருக்கும். அந்த ஆண்டில்தான் சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் என்று தனியாக வைத்தது. மிச்சம் எட்டு. 2018-ல் அச்சான புத்தகத்தில் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் இருக்கும். மயிலாடுதுறை 2020-ல் பிரிந்த பிறகு நமக்கு 38 மாவட்டங்கள். கதைப் புத்தகத்துக்கு வயதாகலாம், தப்பில்லை. தெனாலிராமனுக்கு வயதே ஆவதில்லை! ஆனால் அறிவியல், பூகோளப் புத்தகங்களுக்குச் சீக்கிரம் வயதாகிவிடும். பழைய புத்தகத்தைப் பற்றி நீங்கள் நூலகரிடம் சொன்னால், அவர் முறைப்படி பதிவேட்டில் எழுதி அதைக் கழித்துவிடுவார். நீங்களாகப் பேனாவால் அடித்துத் திருத்தி வைக்காதீர்கள்.

அதே பக்கத்தில் ஐ.எஸ்.பி.என். என்று ஓர் எண் இருக்கும். 2007 முதல் அதில் 13 இலக்கங்கள். அதற்கு முன் 10. இந்தியப் புத்தகம் என்றால் 978-க்கு அடுத்து 81 அல்லது 93 வருவதைப் பார்க்கலாம். கணக்குப் பிடிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை. 13 இலக்கங்களையும் வரிசையாக 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டுங்கள். விடை 10-ஆல் மீதியின்றி வகுபடும். வகுபடாவிட்டால் எண்ணை எங்கோ தப்பாக எழுதியிருக்கிறீர்கள்! 'தெனாலிராமன் கதைகள்' என்ற பெயரில் எத்தனையோ பேர் புத்தகம் போட்டிருக்கிறார்கள். நூலகரிடம் புத்தகத்தின் பெயரோடு இந்த எண்ணையும் எழுதிக் கொடுத்தால், நீங்கள் கேட்டது எது என்று அவருக்குச் சரியாகத் தெரியும்.

இன்னும் ஒருவரைக் கேட்க வேண்டும் என்று சொன்னால், அது நீங்கள்தான்! உங்களிடம் கேட்காமல் உங்களுக்குப் புத்தகம் வாங்கும் வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

"பிள்ளைகளைக் கேட்டால் பேய்க் கதையும் படக்கதையும்தான் கேட்பார்கள்" என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். கேட்கட்டுமே! படக்கதையும் படிப்புதான். பேய்க் கதையைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை ஒருநாள் அடுத்த தட்டுக்கும் கை நீட்டும். உண்மையில் எனக்குக் கவலை தருவது வேறு. பல நூலக அலமாரிகளில் 'பொது அறிவு வினா விடை' என்று தடித் தடியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவை பரீட்சைக்கு உதவும். ஆனால் ஒரு மழைநாளில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து யாராவது வினா விடையைப் படிப்பார்களா?

எங்கள் தொடக்கப் பள்ளியில் 'புத்தகப் பூங்கொத்து' என்று சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்தன. வகுப்பில் கயிறு கட்டி, துணி காயப்போடுவது போல அவற்றைத் தொங்கவிட்டோம். எந்தப் புத்தகம் அடிக்கடி கயிற்றைவிட்டு இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பெரியவர்கள் "நல்ல கருத்து உள்ளது" என்று சொன்னவை பாதிக்கு மேல் கயிற்றிலேயே ஆடிக்கொண்டிருந்தன! 2023-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் புத்தகங்கள் வந்திருக்கின்றன. நல்ல ஏற்பாடு. ஒரே ஒரு விண்ணப்பம். எட்டாம் வகுப்பு அண்ணன் ஒருவர் 'நுழை' புத்தகத்தை எடுத்தால் யாரும் சிரிக்காதீர்கள். அவர் அடுத்த மாதம் 'பற'வில் இருப்பார். சிரித்தால் நூலகத்துக்கே வரமாட்டார்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? உங்கள் நூலகரிடம் அனுமதி கேட்டு ஒரு 80 பக்க நோட்டு வையுங்கள். படித்து முடித்த ஒவ்வொருவரும் அதில் மூன்றே வரி எழுத வேண்டும். "மிகவும் நன்றாக இருந்தது" என்று எழுதக் கூடாது. அதைப் படித்து யாருக்கும் எதுவும் தெரியாது. எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதினான்: "முதலில் மெதுவாகப் போகிறது. 14-ஆம் பக்கத்தில் முதலை வரும். அதுவரை பொறுத்துக்கொள்." இதைவிட நல்ல மதிப்புரையை நான் எங்கும் படித்ததில்லை! அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்த எல்லோரும் 14-ஆம் பக்கம் வரை போனார்கள்.

நோட்டில் இன்னொரு கட்டமும் போடுங்கள். 'யார் சொன்னது?' என்று அதற்குத் தலைப்பு. இந்தப் புத்தகம் நம் நூலகத்துக்கு வரக் காரணம் யார்? பக்கத்துப் பள்ளி டீச்சரா, பரிசுப் பட்டியலா, செய்தித்தாளில் எழுதியவரா, ஏழாம் வகுப்பு அக்காவா? நூலகரைக் கேட்டு எழுதுங்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும், கடைசிப் பக்கத் தாளில் விழுந்த தேதிகளை எண்ணுங்கள். யார் சொன்ன புத்தகங்களுக்கு அதிகத் தேதி விழுந்திருக்கிறதோ, அடுத்த முறை அவரை முதலில் கேட்கலாம். யார் சொன்னதற்கு ஒன்றுமே விழவில்லையோ அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம். சாவியை வைத்திருக்கும் டீச்சருக்கும் இது பெரிய உதவி. இந்த வேலைக்கெல்லாம் அவருக்கு நேரம் ஏது? உங்களுக்குத்தான் நூலகப் பாடவேளை இருக்கிறதே.

உங்கள் நூலகத்தில் புத்தகம் மிகக் குறைவு என்றால், பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையத்தளத்தில் தமிழிலும் நிறையப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பள்ளிக் கணினியில் திறந்து காட்டச் சொல்லி டீச்சரிடம் கேளுங்கள். அவற்றைப் பற்றியும் நோட்டில் மூன்று வரி எழுதலாம்.

நோட்டை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடாமல், கதவுக்கு வெளியே ஆணியில் மாட்டுங்கள். பென்சிலை நீளமான நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் நாளே காணாமல் போய்விடும்.